எண்ணிக்கையும் பரப்பளவும்: நகர விளம்பரப் பலகை விதிகளும் தமிழ்ப் பலகை ஆய்வுகளும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் பயிலும் மாணவர்கள் தம் ஆய்வேடுகளுக்குத் தேர்ந்துகொள்ளும் பொருள்களுள் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்கு ஒரு நிலையான இடம் உண்டு. ஒரு தெருவைத் தெரிந்தெடுத்து, அதிலுள்ள பலகைகளையெல்லாம் ஒளிப்படம் எடுத்து, எப்பலகையில் எம்மொழி உள்ளது எனப் பட்டியலிட்டு, விழுக்காடு கண்டு, அவ்விழுக்காட்டைக் கொண்டு தமிழின் நிலை பற்றி முடிவுரைப்பது இவ்வாய்வேடுகளின் பொது அமைப்பாகும். உழைப்பு மிகுந்த முயற்சிகள் இவை, அவ்வகையில் போற்றத்தக்கவை. ஆயினும் பலகையை ஆராயும் மாணவர், அப்பலகை எந்த நகர விதியின்கீழ், எந்த அளவு வரம்புக்குள் அச்சுவரில் இடம்பெற்றுள்ளது என்னும் வினாவை எழுப்புவதில்லை. இவ்வினா விடுபடுவதால் அவர்தம் முடிவுகள் பல தலைகீழாகிவிடுகின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க முனைவதாகும்.

இடையே ஒன்று. இத்தகைய ஆய்வேடுகளிற் பல, பட்டினப்பாலையில் வரும் அங்காடிக் கொடிகளோடு தொடங்குகின்றன. அந்நூல் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பலவாறு வருணிப்பது உண்மையே. எனினும் அடுத்த பத்தியிலேயே பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்கு வந்துவிடுவதால், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் எழுத்தறிவும் அச்சும் மின்விளக்கும் மாநகர் மன்றமும் தோன்றின என்பது மறைந்துபோகிறது. கொடிக்கு உரிமம் வேண்டியதில்லை, பலகைக்கு வேண்டும்.

இத்துறையின் கோட்பாட்டு அடிப்படை 1997இல் லாண்ட்ரி, பூர்ஹிஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரையாகும். சாலைப் பலகைகள், விளம்பரப் பலகைகள், தெருப்பெயர்கள், கடைப்பெயர்கள், அரசுக் கட்டட அறிவிப்புகள் ஆகியவை ஒன்றுசேர்ந்து ஒரு வட்டாரத்தின் மொழித் தோற்றத்தை அமைக்கின்றன என அவர்கள் வரையறுத்தனர். அத்தோற்றம் செய்தி தரும் பணியையும் குறியீட்டுப் பணியையும் ஆற்றுகின்றது என்பது அவர்தம் கருத்து. பின்னர்த் தோக்கியோ நகரப் பலகைகளை ஆராய்ந்து 2007இல் நூல் வெளியிட்ட பாக்ஹவுஸ், எண்ணுதற்குரிய அலகு எது என்னும் சிக்கலை நேர்மையோடு எதிர்கொண்டார். வரையறுத்த ஒரு சட்டகத்துக்குள் அமையும் எந்த எழுத்தும் ஒரு பலகையே என்பது அவர் கண்ட விடை. விளக்குக் கம்பத்தில் ஒட்டிய கையெழுத்துச் சீட்டும் ஒன்று. பேரங்காடிச் சுவரை மூடிய மாபெரும் விளம்பரமும் ஒன்று. எண்ணும் பணிக்கு இவ்வரையறை வசதியானதே. ஆனால் வசதிக்காக ஏற்ற ஒன்றை நம் மாணவர்கள் உண்மை நிலையாகவே கொண்டுவிட்டனர்.

இதன் விளைவை ஒரு கற்பனைத் தெருவைக் கொண்டு காட்டலாம். அத்தெருவில் ஐம்பது கடைவீடுகள். ஒவ்வொன்றின் பலகையும் ஆறு மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் உடையது எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் காற்பங்கு இடத்தில் தமிழ் உள்ளது. தெருமுனையில் ஓர் உயர்ந்த கட்டடம். அதன் பக்கச்சுவரில் இருபது மீட்டர் உயரமும் பதினைந்து மீட்டர் அகலமும் கொண்ட ஒரே விளம்பரத் துணி. அதில் தமிழ் இல்லை. எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர் 51 பலகைகளுள் 50இல் தமிழ் உண்டு, அதாவது 98 விழுக்காடு என்று எழுதுவார். பரப்பளவைக் கணக்கிடுபவருக்கோ மொத்தம் 450 சதுர மீட்டர். அதில் தமிழின் பங்கு 37.5 சதுர மீட்டர். எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். தெரு ஒன்றே, தமிழ் வாழ்கிறது என்பதற்கும் தமிழ் தேய்கிறது என்பதற்கும் அதே தெரு சான்றாகிவிடுகின்றது.

நகர நிருவாகங்கள் பலகைகளை ஒருபோதும் வெறும் எண்ணிக்கையாகக் கருதியதில்லை. அளவு, உயரம், இடம், தாங்கும் கட்டமைப்பு, கட்டணம் ஆகியவையே அவற்றின் விதிகளில் நிறைந்துள்ளன. மொழியியலார் காணத் தவறிய பரப்பளவை எழுத்தர் ஒருவர் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருக்கிறார் எனலாம்.

கோலாலம்பூரை எடுத்துக்கொள்வோம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் கூட்டரசுப் பிரதேசத்துக்கென 1982இல் இயற்றப்பட்ட விளம்பரத் துணைச்சட்டமே இங்குப் பலகைகளுக்கு அடிப்படை. உரிமமின்றி எவ்விளம்பரத்தையும் காட்சிக்கு வைத்தல் ஆகாது. விளம்பரம் தேசிய மொழியில் அமைதல் வேண்டும், பிறமொழியையும் சேர்க்கலாம், சேர்க்குமிடத்துத் தேசிய மொழி எழுத்துகள் அளவிலும் இடத்திலும் முதன்மை பெறுதல் வேண்டும். மலாய்ச் சொற்கள் பிழையின்றி உள்ளனவா என்பதை டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்து உறுதிப்படுத்தும் நடைமுறையும் இதனோடு இணைந்துள்ளது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விதி பின்பற்றப்படுகின்றதா என மாநகர் மன்றம் மேற்கொண்ட சோதனைகள் பெரும் பொதுவிவாதத்தைக் கிளப்பின. அவ்விவாதம் பெரிதும் சீனமொழிப் பலகைகளைச் சுற்றியே நிகழ்ந்தது. தமிழ்ப் பலகைகள் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இதுவும் ஆய்வுக்குரியதே, ஆயினும் இங்கு அதனை விரிக்க நாம் விரும்பவில்லை.

இத்துணைச்சட்டத்தை முன்வைத்து நம் ஆய்வேடுகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன.

கடைப்பலகைகளில் தமிழ் சிறிய எழுத்தில், மலாய்க்குக் கீழே அமைந்திருப்பதைக் கண்டு, உரிமையாளரின் தாழ்வு மனப்பான்மை, தாய்மொழிப் பற்றின்மை, தலைமுறை மாற்றம் எனக் காரணம் கற்பிக்கும் பகுதி பல ஆய்வேடுகளில் உள்ளது. இவை எதற்கும் அப்பலகையில் சான்றில்லை. எழுத்தின் அளவை உரிமையாளர் தாமே முடிவு செய்திருந்தால்தான் அது அவர்தம் மனநிலையைக் காட்டும். அவர் செய்ததெல்லாம் உரிமம் பெறுவதற்குரிய வகையில் பலகையை அமைத்ததே. மஸ்ஜித் இந்தியா சாலையில் நகைக்கடை வைத்திருப்பவர் தமிழை இன்னும் பெரிதாக எழுத விரும்பினாரா இல்லையா என்பதைப் பலகை சொல்லாது. அவரைக் கேட்டறிதல் வேண்டும். உண்மையில் அவர் தமிழைச் சேர்த்தார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. சேர்க்குமாறு எவ்விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சேர்த்தால் மற்ற எழுத்துகளுக்கு இடம் குறையும். எழுதுபவருக்குக் கூலி கூடும். இத்தனைக்கும் பின்னர் அவர் சேர்த்த அச்சிறு வரி, மொழிப்பற்றின் குறைவுக்குச் சான்றாகக் காட்டப்படுவது முறையன்று என்பது நம் கருத்து.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. உயர்ந்த கட்டடங்களின் சுவர்களை மூடும் பெருவிளம்பரங்களில் தமிழ் காணப்படாமையைச் சட்டத்தின் மேல் ஏற்றிப் பேசும் வழக்கம் மேடைகளிலும் உண்டு, ஆய்வேடுகளிலும் உண்டு. துணைச்சட்டமோ பிறமொழியைத் தடுக்கவில்லை. கடைவீட்டுப் பலகையில் தமிழை அனுமதிக்கும் அதே விதிதான் இருபது மாடிச் சுவரிலும் அனுமதிக்கின்றது. அங்குத் தமிழ் இல்லையெனில், அவ்விளம்பரத்துக்குப் பணம் செலுத்திய நிறுவனமும் அதனை வடிவமைத்த விளம்பர முகவரும் தமிழ் வாசகரைத் தனியொரு வாடிக்கையாளராகக் கருதவில்லை என்பதே பொருள். தீபாவளிக் காலத்தில் வாழ்த்துகள் அச்சுவர்களில் ஏறுவதுண்டு. அவையும் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே ஏறுகின்றன. தமிழின் சிறுமை சட்டத்தால் வந்தது. தமிழின் இன்மை சந்தையால் வந்தது. இவ்விரண்டையும் இடம்மாற்றிக் கூறுவதால், மாநகர் மன்றத்திடம் கேட்கவேண்டியதை வணிகரிடமும் வணிகரிடம் கேட்கவேண்டியதை மாநகர் மன்றத்திடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழாசிரியர்களுக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் இங்குண்டு. பலகையிலுள்ள மலாய்க்குச் சரிபார்ப்பு உள்ளது, தமிழுக்கு இல்லை. ஆகவே லகர, ளகர, ழகர மயக்கமும் ஒற்று மிகாமையும் தடையின்றிச் சுவரேறுகின்றன. கையால் எழுதிய காலத்தில் எழுதுபவர் தமிழறிந்தவராக இருந்தார். பிழை செய்தாலும் அது தமிழறிந்தவரின் பிழையாக இருந்தது. கணினி வடிவமைப்பு வந்தபின் தமிழறியாத வடிவமைப்பாளர் மின்னஞ்சலில் வந்த சொல்லை வெட்டி ஒட்டுகிறார். தமிழெழுத்தைச் சரிவரக் கையாளாத மென்பொருளில் அச்சொல் விழும்போது கொம்பு தன் மெய்யெழுத்துக்குப் பின்னே சென்றுவிடுகின்றது. ‘கோ’ என்பது படிக்கவியலாத மூன்று துண்டுகளாகின்றது. சிறு பலகையில் இது ஒரு பிழை. பெரிய பலகையில் ஓர் ஊரே காணும் பிழை. நம் ஆய்வேடுகளோ இதனையும் ‘தமிழ் இடம்பெற்ற பலகை’ என்னும் கட்டத்துள் ஒன்றென எண்ணிக்கொள்கின்றன.

தமிழ்நாட்டு நிலையை இதனோடு ஒப்பிடுவோர் அங்கும் விதிகளைப் பார்த்தல் வேண்டும். கோலாலம்பூரில் மொழியும் பலகையும் ஒரே துணைச்சட்டத்துள் அமைய, தமிழ்நாட்டில் அவை இரண்டு வழிகளில் பிரிந்து செல்கின்றன. கடைப்பெயர் தமிழில் இருத்தல் வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிகளைச் சார்ந்தது. தொழிலாளர் துறை அதனைக் கண்காணிக்கின்றது. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிறமொழிக்கு 2 என்னும் இட விகிதம் அங்கு வழங்குகின்றது. பெரும் விளம்பரப் பலகைகளோ உள்ளாட்சி நிருவாகத்தின்பாற்பட்டவை. சென்னைக்கென 2003இல் வகுக்கப்பட்ட உரிம விதிகள், கல்வி நிலையங்கள், வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன்னும் சாலைச் சந்திப்புகளிலும் பெரும் பலகைகளைத் தடைசெய்தன. விளம்பர நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. தனியார் நிலத்திலும் தனியார் கட்டடத்திலும் உள்ள பலகையை அரசு கட்டுப்படுத்தலாமா, அது கருத்துரிமையைப் பாதிக்காதா என்பவை வழக்கின் மையமாக இருந்தன. 2008இல் இந்திய உச்சநீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பலகை நிற்பது தனியார் இடத்திலாயினும் அதனைக் காண்பது பொதுச்சாலை என்பதே அத்தீர்ப்பின் சாரமாக நமக்குத் தோன்றுகிறது.

கடைப்பெயருக்கு உரிய 5:3:2 விகிதம் சுவர் விளம்பரத்தைத் தொடாது என்பது இங்குக் குறிக்கத்தக்கது. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதிய நாற்பதடிப் பலகையும், அதன் நிழலில் தமிழ்ப் பெயரைப் பெரிதாக எழுதாததற்காக அறிவிப்பு பெற்ற மளிகைக் கடையும் ஒரே தெருவில் இருத்தல் கூடும்; இரண்டுமே விதிப்படி சரி.

ஆய்வுமுறை நோக்கில் 2008 மற்றொரு வகையிலும் முதன்மையானது. தீர்ப்பைத் தொடர்ந்து சென்னையின் பெரும் பலகைகள் அகற்றப்பட்டன. 2009இல் மாநகராட்சி அண்ணா சாலையில் சுவரொட்டிகளைத் தடைசெய்து, சுவர்களில் ஓவியங்களைத் தீட்டச் செய்தது. ஆகவே 2005இல் எடுத்த அண்ணா சாலைப் படங்களையும் 2010இல் எடுத்தவற்றையும் அருகருகே வைத்து, மொழி மனப்பான்மை மாறியது எனக் கூறுபவர், மாறியது உரிம விதி என்பதை மறந்தவராவார். இந்த ஐந்தாண்டுகளில் சென்னை மக்கள் ஒரு சொல்லையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை.

விளம்பர நிறுவனங்கள் விலகிய இடத்தைக் கட்சிகளும் குடும்ப விழாக்களும் எண்ணிம அச்சுப் பதாகைகளால் நிரப்பின. அவற்றுக்கென 2011இல் தனி விதிகள் வந்தன. வணிகரிடம் செல்லுபடியான விதி கட்சிக்காரரிடம் செல்லுபடியாகவில்லை என்பதற்குச் சான்று 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கிடைத்தது. சாலை நடுவில் கட்டிய திருமணப் பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். மும்பையின் காட்கோபரில் 2024 மே 13 அன்று வீழ்ந்த பலகை 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. பதினேழு பேர் மாண்டனர். பலகையை எழுத்தாக மட்டும் காண்பவர்க்கு இவை தொடர்பற்ற செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும் விதிகள் பலகையை முதலில் எடையும் காற்றெதிர்ப்பும் உடைய ஒரு பொருளாகக் கருதுவது ஏன் என்பதை இவை விளக்குகின்றன. கருத்துரிமை பேசுவோர் இப்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

அளவை மட்டும் நோக்கி, மொழியை முற்றும் விட்டுவிட்ட விதிக்குப் பிரேசிலின் சாவோ பாவுலோ எடுத்துக்காட்டு. 2006இல் இயற்றி 2007 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘தூய நகரம்’ சட்டம் வெளிப்புற விளம்பரங்களை அடியோடு தடைசெய்தது. கடைப்பெயருக்கு மட்டும் இடம் தந்தது: மனையின் முகப்பு பத்து மீட்டருக்குக் குறைந்தால் ஒன்றரைச் சதுர மீட்டர், பத்து முதல் நூறு மீட்டர் வரை நான்கு சதுர மீட்டர். பன்னாட்டு வங்கிக்கும் மூலைக்கடைக்கும் இதில் வேறுபாடு முகப்பின் நீளம் ஒன்றே. இத்தகைய விதி ஒரு சிறுபான்மை மொழிக்கு மறைமுக நன்மை செய்யும் என நாம் கருதுகிறோம். பெரியவை சுருங்கும்போது சிறியவை பெரிதாகத் தோன்றும். நாம் காட்டிய கற்பனைத் தெருவிலிருந்து அந்த முந்நூறு சதுர மீட்டர்த் துணியை அகற்றினால், தமிழின் பங்கு எட்டிலிருந்து இருபத்தைந்து விழுக்காடாக உயரும். தமிழுக்கென ஒரு சொல்லும் சட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை. மொழிக்காகப் போராடும் நம் அமைப்புகள் பலகையின் மொழியையே கேட்டுவந்துள்ளன. பலகையின் உயரத்தைக் கேட்டதாக நாம் அறியோம்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இதற்கு ஓரளவு ஒத்த நிலை உண்டு. 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட அங்கு, கடைவீட்டின் தூண், சாளரம், சுதை வேலைப்பாடு ஆகியவற்றை மறைக்காதவாறு பலகை அமைதல் வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நெறி. பலகையின் அளவை அங்குக் கட்டடக் கலையே வரையறுத்துவிடுகின்றது. பிரிக்பீல்ட்ஸோ 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைக்கப்பட்டு, வளைவுகளும் அலங்காரங்களும் அரசால் நிறுவப்பெற்ற இடம். தேக்காவையும் பிரிக்பீல்ட்ஸையும் ஒப்பிடும் ஆய்வேடுகள், இரு நகரத் தமிழரின் மொழியுணர்வை ஒப்பிடுவதாகக் கூறிக்கொண்டு, இரு நகரங்களின் கட்டட விதிகளையே ஒப்பிட்டுவிடுகின்றன.

பரப்பளவே எல்லாம் என்று நாம் கூறவரவில்லை. ஐந்தடியில் நடப்பவரின் கண்மட்டத்தில் தொங்கும் சிறு பலகை அவரிடம் பேசுவதைப்போல், விரைவுச்சாலையை நோக்கிய பெருவிளம்பரம் பேசாது. படிக்கும் தொலைவு, படிப்பவர் நடப்பவரா ஊர்தியில் செல்பவரா என்பவையும் பதிவுசெய்யத்தக்கவை. இனிப் பலகை ஆய்வில் இறங்கும் மாணவரிடம் மேற்பார்வையாளர்கள் சிலவற்றையேனும் கேட்டுப் பெறுதல் நலம். அப்பலகை கடைப்பெயரா விளம்பரமா. நீள அகலம் என்ன. அதில் தமிழ் கொண்ட பரப்பு எவ்வளவு. படம் எடுத்த ஆண்டில் நடப்பிலிருந்த விதி எது. அவ்விதி தமிழைக் கட்டாயப்படுத்துகிறதா, அனுமதிக்கிறதா, அளவைக் குறைக்கிறதா. இவற்றுள் கடைசி வினாவுக்கு விடையெழுதாமல் மனப்பான்மை பற்றிய இயலைத் தொடங்க அனுமதித்தல் ஆகாது.

புக்கிட் பிந்தாங் போன்ற இடங்களில் கட்டட முகப்புகளில் எழுந்துள்ள மாபெரும் மின்திரைகள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. சில வினாடிக்கு ஒருமுறை விளம்பரம் மாறும் திரையை ஒரு பலகையாகக் கொள்வதா, பலவாகக் கொள்வதா? ஒளிப்படம் ஒரு கணத்தையே பிடிக்கும். அக்கணத்தில் தமிழ் இருந்ததும் இல்லாததும் தற்செயலே. நாம் பார்த்த ஆய்வேடுகளில் இதற்கு விடையில்லை. திரையின் ஒரு முழுச் சுழற்சியையும் காணொளியாகப் பதிந்து, தமிழ் தோன்றும் வினாடிகளை அது கொண்ட பரப்பளவோடு பெருக்கிக் காண்பது ஒரு தொடக்கமாகலாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஒருமுறையும், விழா எதுவுமற்ற ஒரு மாதத்தில் ஒருமுறையும் அதனைச் செய்து பார்த்தல் வேண்டும்.